வைக்கோல் சுவரும் மஞ்சள் தண்ணீரும்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். நான் ஜேர்மனியில் வாங்கியிருப்பது கல்வீடு. வெளிச்சுவர் முழுக்கச் செங்கல். ஆரும் வந்து தட்டிப் பார்க்கலாம். உள்ளே அறைகளைப் பிரிக்கிற சுவர்கள் மட்டும் வைக்கோல்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் இருக்கிறேன்.

போன கிழமையோடு அந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுந்து ஒரு வருசம். என் மனைவி புவனேசு பொங்கிப் படைத்தாள். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது இந்த ஒரு வருசக் கதையை எழுதினால் என்ன என்று தோன்றியது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்வார், அதற்குத்தானே அவர் இருக்கிறார். வீட்டு வேலை பற்றி நான் எழுதுவதில் மட்டும் அவர் கை வைக்க வேண்டாம்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் விமானம் இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு தோள்பையும் இரவல் சப்பாத்தும். அங்கிருந்து ரயில் ஏறி மேற்கு பெர்லின், பிறகு அகதி முகாம், பிறகு டோர்ட்மண்ட். வேலை செய்யக் கூடாது என்றார்கள். அந்த வட்டாரத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்றார்கள். ஏன் என்று கேட்க வாயில் மொழி இல்லை. அனுமதி கிடைத்த கையோடு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு அலுவலகங்களைத் துப்புரவு செய்கிற ஒரு கொம்பனியில் சேர்ந்தேன்.

அங்கேதான் நான் ஒழுங்காகப் படித்த முதல் ஜேர்மன் சொல் கிடைத்தது. நேபெல்ஃபொய்ஷ்ற். மூடுபனி அளவு ஈரம் என்று அர்த்தம். நிலம் துடைக்கிற துணி அவ்வளவுதான் நனைந்திருக்க வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு தடித்த மனிதர். நான் துடைத்துவிட்டுப் போன இடத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பார். கை ஈரப்பட்டால் முதலிலிருந்து துடைக்க வேண்டும். தண்ணீரை அள்ளி ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்து, வாசலால் தள்ளிவிட்டு வளர்ந்தவன் நான். இவர்கள் செய்வது துப்புரவாகவே எனக்குத் தெரியவில்லை. தூசியைத் தடவிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

ஆனாலும் பழகினேன். அந்த மனிதரைவிட நன்றாகப் பிழியப் பழகினேன். பிறகு சொந்தக் கொம்பனி தொடங்கினேன். இன்றைக்கு டோர்ட்மண்டில் என் ஆட்கள் கால் வைக்காத பெரிய கட்டடம் குறைவு. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நானே துணி பிழிந்து காட்டுவேன். நிலத்தில் ஒரு துளி தேங்கி நின்றால் என்னுடைய சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் எனக்குக் கணக்கு எழுதுகிறார்கள். நான் கையெழுத்து வைக்கிறேன்.

இவ்வளவையும் சொன்னது பெருமைக்குத்தான். அதோடு பின்னால் வருவது விளங்குவதற்காகவும்.

3

வீடு வாங்கியதற்குக் காரணம் என் மகள் தர்சினி. அவளும் மருமகன் ஜெறோமும் பேத்தி மாயாவும் டோர்ட்மண்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டுக் குளியலறைச் சுவரில் பூஞ்சணம். எவ்வளவு துடைத்தாலும் கறுப்பாகத் திரும்ப வந்தது. மாயாவுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. மூச்சு விடுகிறபோது உள்ளே சின்ன விசில் மாதிரிக் கேட்கும். ஐந்து வயதுப் பிள்ளை, பையில் பொம்மையோடு மூச்சுக்கு அடிக்கிற மருந்தும் கொண்டு திரிந்தாள். வேறு வீட்டுக்குப் போங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஜெறோமுக்கு வேலை டுசல்டோர்ஃபில். அங்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொடர்மாடியை அவர்கள் பார்த்து வைத்திருந்தார்கள். அங்கே போனால் பிறந்தநாளுக்கும் நத்தார் பண்டிகைக்கும்தான் பேத்தியைக் காணலாம் என்று எனக்குத் தெரியும். நான் விடுவேனா. ஊன்ட்றொப் அம்பாள் கோயிலுக்குச் சைக்கிளில் போகிற தூரத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டின ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. கீழே நாங்கள், மேலே நீங்கள் என்று மகளிடம் சொன்னேன்.

"அப்பா, வீடு காய்ஞ்சிருந்தா வாறம்," என்றாள் தர்சினி. "ஈரம் இருந்தா வரமாட்டம். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

"நான் வாங்கிற வீட்டில ஈரமோ? முப்பது வருசமாய் ஈரம் துடைச்சுத்தானே உன்னை வளத்தனான்."

கோயிலடியில் கண்டவர்கள் எல்லோரிடமும் கல்வீடு வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். பொய் இல்லை, அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரியும். எங்கள் ஊரில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பெண்ணை இல்லை, கல்வீடா என்பதை. நான் ஓலை வேய்ந்த மண்வீட்டில் பிறந்தவன். அந்தச் சொல்லை வாய் நிறையச் சொல்லுகிற உரிமை எனக்கு உண்டு.

கீழ்த்தளத்தில் பழைய கம்பளத்தைக் கிழித்தெறிந்து நானே ரைல்ஸ் பதித்தேன். தண்ணீர்க் குழாய்களை நானே மாற்றினேன். பெயின்ற் அடிக்க வசதியாகச் சுவர்களின் அடியில் ஓடுகிற மரச்சட்டங்களை எல்லாம் கழற்றிப் போட்டேன். ஒரு நாள் அம்பாள் படம் மாட்டுவதற்குத் துளை போட்டபோது துளைக்கிற மெஷின் சுவருக்குள் வெண்ணெய்க்குள் போவது மாதிரிப் போனது. வெளியே இழுத்தேன். நுனியில் வைக்கோல் சுற்றிக்கொண்டு வந்தது.

"எலிக்கூடு," என்றாள் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற புவனேசு.

ஒரு முழம் தள்ளித் துளைத்தேன். வைக்கோல். அடுத்த அறையில் துளைத்தேன். அங்கேயும் வைக்கோல்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "எலி இவ்வளவு பாடுபடாது."

பக்கத்து வீட்டு ஃபிறவ் லிண்டரைக் கூப்பிட்டேன். எண்பது தாண்டிய மனுசி, அந்தத் தெருவிலேயே வளர்ந்தவ. அவ சுவரைத் தடவிப் பார்த்துச் சிரித்தா. போர் முடிந்த காலத்தில் செங்கல்லுக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடாம். வைக்கோலைச் சூடாக்கி அமத்திப் பலகையாக்கி, இரண்டு பக்கமும் தடித்த கடதாசி ஒட்டி உள்ளறைகளுக்குச் சுவராக நிறுத்தினார்களாம். பசை கூடக் கிடையாது, அமத்தின அமத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளுமாம்.

"எங்கட வீடும் இதுதான். நான் சின்னப்பிள்ளையில இருந்து நிக்குது," என்றா. "சுவருக்குத் தண்ணியை மட்டும் காட்டிப்போடாதேங்கோ."

"தண்ணி பற்றி எனக்கோ?" என்று என் கொம்பனியின் பெயரைச் சொன்னேன்.

புவனேசின் தம்பி சிவம் கேள்விப்பட்டு அன்றைக்கே ரெலிபோன் எடுத்தான். "அத்தான், சுவருக்கு வருசா வருசம் பசளையும் போடோணுமோ?"

அவன் கதைக்கட்டும். அந்தச் சுவரின் அருமை எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு அறையில் ரேடியோ பாடினால் அடுத்த அறையில் கேட்காது. வெயிலுக்கு உள்ளே குளிர்மை. பாரமான அலுமாரி மாட்ட ஆணி நிற்காதுதான். அதற்குப் பின்பக்கத்திலும் ஒரு பலகை கொடுத்து இரண்டையும் சேர்த்து முடுக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை போதுமாயிருந்தது.

4

குடிபுகுகிற சடங்குக்கு, எங்கட பேச்சில் குடிபூரலுக்கு, சித்திரையில் நாள் வைத்தோம். முதல் நாள் வீடு கழுவ வேண்டும்.

இங்கே இருக்கிற எங்கட ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலையால் அறைக்கு அறை தெளித்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். வாடகை வீடு, கீழே குடியிருக்கிறவன் வந்து கதவைத் தட்டுவான் என்ற பயம். புவனேசும் செம்போடுதான் வந்து நின்றாள்.

"உந்தச் செம்பை அங்கால வையும்," என்றேன். "சொந்த வீட்டுக்கு வாளி."

இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நான் இங்கே வந்து காலூன்றின புதிதில் ஊரில் என் தங்கச்சிக்குக் கல்வீடு ஒன்று கட்டிக் கொடுத்தேன். அத்திவாரத்திலிருந்து ஓடு வரை என் உழைப்பு. குடிபூரலுக்குப் போக எனக்குப் பயணக் கடதாசி இல்லை. பிறகு ஒருநாள் தங்கச்சி கொழும்புக்கு வந்து ரெலிபோனில் கதைத்தபோது நான் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று, வீடு கழுவினபோது தண்ணீர் எந்தப் பக்கத்தால் ஓடினது என்று. நிலத்துக்கு வாட்டம் சரியாக விட்டார்களா என்று அறிய வேண்டியிருந்தது. முன்வாசலால் ஓடினது அண்ணை, படியெல்லாம் மஞ்சள் என்றாள். அந்த வீட்டை நான் கண்ணால் காணவில்லை. சண்டையில் அது போய்விட்டது. வாளியை எடுத்து ஊற்ற வேண்டும் என்ற ஆசை மட்டும் கையில் நின்றுவிட்டது.

ஆகவே ஊற்றினேன். வாளி வாளியாக. மஞ்சளை அள்ளிப் போட்டு, கால்சட்டையை மடித்துக் கட்டிக்கொண்டு, சமையலறையிலிருந்து தொடங்கி விறாந்தை வரை ஊற்றி, தும்புத்தடியால் தள்ளிக்கொண்டு போனேன். புவனேசு வழுக்கி விழப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊற்றின தண்ணீரில் பாதிதான் வாசலுக்கு வந்தது. மிச்சம் எங்கே போனது என்று அப்போது நான் கேட்கவில்லை. ரைல்ஸ் பளபளத்தது. மற்றவனுடைய கட்டடங்களில் இத்தனை வருசம் பிழிந்து பிழிந்து துடைத்த கைக்கு அன்றைக்குத்தான் விடுதலை.

அடுத்த நாள் பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. தர்சினி குடும்பமும் வந்து சாப்பிட்டுப் போனது. மாயா மேல்மாடியில் எந்த அறை தனக்கு என்று பார்த்து வைத்துக்கொண்டாள்.

5

ஒரு கிழமையில் சுவரின் அடியில் மஞ்சள் கோடு தெரிந்தது. வெள்ளை பெயின்ற்றில் சேலைக்குக் கரை வைத்த மாதிரி. நாளாக நாளாக அது மேலே ஏறி முழங்கால் உயரத்தில் நின்றது. நான் மரச்சட்டத்தைக் கழற்றி வைத்த இடைவெளியால் தண்ணீர் சுவரின் அடிக்குப் போய், வைக்கோல் அதை உறிஞ்சி உறிஞ்சி ஏறியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெறும் தண்ணீர் என்றால் எவ்வளவு தூரம் ஏறியது என்று இஞ்சினியர் வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். மஞ்சள் என்றபடியால் கோடு கீறிக் காட்டியது. இதை நான் புவனேசிடம் சொன்னபோது அவள் எழும்பி வேறு அறைக்குப் போய்விட்டாள்.

சிவம் வந்து பார்த்தான். "அத்தான், ஒரு கதையும் வேண்டாம். கொஞ்சம் உயரமான சட்டமாய் வாங்கி அடிச்சு மூடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"பிள்ளை இருமேக்க தெரியும்," என்றாள் அவன் தமக்கை உள்ளேயிருந்து.

"சரி, அப்ப இன்சூரன்சுக்கு அடியுங்கோ. பைப் வெடிச்சது எண்டு சொல்லுங்கோ."

அடித்தேன். ஒரு பெண்பிள்ளை நல்ல மரியாதையாகக் கதைத்தா. என்னுடைய ஜேர்மன் இலக்கணம் இல்லாத ஜேர்மன், ஆனால் ஓடும். அவ கேட்டா, தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று.

"வாளியிலயிருந்து."

"அதுக்கு முதல்?"

"பைப்பிலயிருந்து."

"பைப் உடைஞ்சதோ?"

சிவம் எனக்கு முன்னால் நின்று ஓம் சொல்லுங்கோ, ஓம் சொல்லுங்கோ என்று தலையை ஆட்டினான். அந்தப் பைப்பை மாற்றினது நான். என் கையால் பூட்டின பைப் வெடித்தது என்று நானே சொல்வதா?

"பைப் இரும்பு மாதிரி இருக்கு," என்றேன். "நான்தான் வாளியில பிடிச்சு ஊத்தினனான்."

"துப்புரவு செய்யவோ?"

"கடவுளுக்கு."

அந்தப் பக்கம் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, துப்புரவுத் தண்ணீரால் வருகிற சேதத்துக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்று எழுதியிருப்பதாகவும், கடவுள் தண்ணீரைப் பற்றித் தான் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னா. பின்னேரமே திரும்ப எடுத்தா. அதற்கும் இடமில்லையாம். ஆனாலும் குடிபுகுந்ததற்கு வாழ்த்துச் சொன்னா.

6

யன்னல் சீலைக்கு அளவெடுக்கத் தர்சினி வந்தாள். வந்த கால் சுவரடியில் நின்றது.

"அப்பா, உது என்ன?"

"எது?"

"உந்த மஞ்சள்."

"குடிபூரல் மஞ்சள். நல்லதுதானே."

குந்தியிருந்து பெருவிரலால் அமத்தினாள். கடதாசி உள்ளே போனது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். அவள் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், எதையும் இரண்டு தரம் பார்ப்பாள்.

"உள்ளுக்கு ஈரம்."

"காயும்."

"எப்ப?"

"கோடை வருகுதுதானே. தன்ர பாட்டில காயும்."

எழும்பி நின்று என்னைப் பார்த்தாள். "எங்கட வாடகை வீட்டுக்காரரும் இப்பிடித்தானப்பா சொன்னவர்."

எனக்கு இங்கே வந்த காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். கறுப்பன் என்றிருக்கிறார்கள், திரும்பிப் போ என்றிருக்கிறார்கள். அதெல்லாம் ஒரு காதால் வந்து மறு காதால் போனது. பூஞ்சணத்துக்கு மேல் பெயின்ற் அடித்துவிட்டு வாடகை வாங்குகிற அந்த மனுசனுக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய் என் பிள்ளை நிறுத்தினது மட்டும் இறங்கவில்லை.

"டுசல்டோர்ஃப் வீட்டுக்கு ஓகஸ்ற் முடியிறதுக்குள்ள பதில் சொல்லோணும்," என்றாள். "ஜெறோம் இப்பவே ஓம் சொல்லுவம் எண்டுறார். நான் பொறுக்கச் சொல்லியிருக்கிறன். சுவரைத் திறவுங்கோ. உள்ளுக்குப் பாக்காமல் மாயாவை நான் கொண்டுவர ஏலாது."

ஃபிறவ் லிண்டர் வீட்டிலும் ஒருகால் உடுப்புத் தோய்க்கிற மெஷின் உடைந்து சுவர் நனைந்ததாம். அவவுடைய மனுசன் நனைந்த அடிப்பாகத்தை அறுத்தெறிந்துவிட்டு, வேறு பலகை வைத்தாராம். நானும் அறுத்தேன். மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் மேலே பென்சிலால் கோடு போட்டு, மின்வாளின் ஆழத்தைப் பலகையின் தடிப்புக்கு அளவாக வைத்து. ஒரேயடியாக அறுத்தால் மேல்சுவர் தன் பாரத்தில் கீழே இறங்கிவிடும். ஒரு முழம் அறுத்து, ஆப்பு வைத்து இறுக்கி, அடுத்த முழம். வாள் போகப் போகத் தூசி வீட்டை மூடியது. நனைந்த துண்டுகள் களிமண் மாதிரிக் கையோடு வந்தன, சிலதில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணமும் பிடித்திருந்தது. அதற்கு மேலே அறுபட்ட வாயில் வைக்கோல் நேற்று அறுவடை செய்த மாதிரி மஞ்சளாக, இறுக்கமாக, கைக்கு உலர்ந்த மாதிரி நின்றது. எழுபது வருசத்துக்கு முந்தின வயலின் மணம் வீட்டுக்குள் வந்தது. எந்த ஊர் வயலோ.

மேல்பாகம் உள்ளுக்குள்ளும் முழுக்கக் காய்ந்தால்தான் கீழே மூடலாம். ஈரம் உறிஞ்சுகிற ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து வைத்தேன். தர்சினி இரண்டு ஊசி உள்ள ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தாள். ஊசியைச் சுவரில் குத்தினால் ஈரம் என்றால் சிவப்பு விளக்கு, அரைகுறை என்றால் மஞ்சள், காய்ந்தால் பச்சை.

"உது என்னத்துக்கு? என்ர உள்ளங்கைக்குத் தெரியாத ஈரமோ?" என்றேன்.

"உங்கட உள்ளங்கை வெளியிலதான் தொடும். இது உள்ளுக்குப் போகும்."

சொன்னது சரி. பெட்டியை என்னிடம் தரவில்லை. தானே ஒவ்வொரு சனிக்கிழமையும் கொண்டு வந்தாள். வந்து குத்திப் பார்ப்பாள். பிறகு தாயோடு இருந்து சாப்பிடுவாள், மாயா தோட்டத்தில் ஓடித் திரிவாள். கலியாணம் செய்து போன பிறகு மகள் இத்தனை சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததில்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. எனக்கு அதில் பாதிக் கவலைதான். ஆனால் ஓகஸ்ற் நெருங்கிக்கொண்டிருந்தது.

7

அதற்குள் அம்பாள் திருவிழா வந்துவிட்டது. திருவிழா என்றால் பாரிஸ், சூரிச், லண்டன் எல்லாம் ஊன்ட்றொப்பில்தான் நிற்கும். கல்வீட்டில் வந்து தங்குங்கோ என்று எல்லோரையும் நானே அழைத்திருந்தேன்.

தேருக்கு முந்தின சனிக்கிழமை பெட்டியின் விளக்கு மஞ்சளுக்கு வந்தது. சிவம் சட்டங்களை வாங்கிக்கொண்டே வந்துவிட்டான்.

"மஞ்சள் வந்தால் காணும், அதுவே போதும் அத்தான். இப்ப மூடி, பெயின்ற் அடிச்சு, சனம் போனாப் பிறகு வேணுமெண்டால் திறவுங்கோ."

புவனேசும் அவன் பக்கம். "பாரிசிலயிருந்து ஆக்கள் வருகினம். வீடு குடலை வெளியில போட்டுக்கொண்டு நிக்குது. எனக்கு முகம் காட்ட ஏலாது."

நானும் சட்டத்தைக் கையில் எடுத்து ஒருதரம் வைத்துப் பார்த்தேன், சொல்கிறேன். அழகாகத்தான் இருந்தது. தர்சினி பெட்டியை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். அவள் வைத்த விதத்தில் எனக்கு டுசல்டோர்ஃப் தெரிந்தது. மூடினால் அவள் பிறகு அந்தப் பெட்டியை எடுக்க மாட்டாள், வாதாடவும் மாட்டாள், போய்விடுவாள்.

சட்டத்தைச் சிவத்திடம் கொடுத்தேன். "கொண்டுபோய் நிலவறையில வை. பச்சை வரட்டும்."

வந்தார்கள். பாரிஸ் மச்சான் தியாகு, அவனுடைய தாய் பெரியமாமி, பெட்டிகள், பிள்ளைகள். தியாகு பாரிசில் நிலம் முழுக்கக் கருங்கல் போட்ட வீட்டுக்காரன். உள்ளே வந்து சுவரடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மச்சான், மாடு எப்ப வருது?"

"வந்திட்டுது மச்சான். கட்டக் கயிறுதான் தேடுறன்."

வீடு முழுக்கச் சிரித்தது. தேநீர் கொண்டு வந்த தர்சினி தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். அதோடு எனக்கு வாய் திறந்துவிட்டது. ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தொட்டுப் பார், எவ்வளவு இறுக்கம். நெருப்புக்குச்சி வைத்தாலும் கருகுமே தவிரச் சட்டென்று பற்றாது. அந்தப் பக்கம் போய்க் கத்து, இங்கே கேட்காது. சூரிச்சிலிருந்து வந்தவர் படம் பிடித்துக்கொண்டு போனார். ரிக்கற் வைக்காத குறை.

பெரியமாமி மட்டும் அறுத்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் புவனேசிடம் திரும்பினா. "ஏன் பிள்ளை, இவ்வளவு தண்ணியையோ ஊத்தினனி? தெளிச்சுவிட்டால் காணாதே?"

வீடு கழுவுவது என்றால் பெண்தான் என்று அவவுக்கு ஒரு கணக்கு. புவனேசு என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆரோ கூப்பிட்ட மாதிரி எனக்குக் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

8

ஓகஸ்ற்றில் இரண்டாவது சனிக்கிழமை தர்சினி சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழங்காலில் நகர்ந்து குத்திக்கொண்டு போனாள். பச்சை. பச்சை. பச்சை. கடைசி மூலையில் மூன்று தரம் குத்தினாள். பிறகு எழும்பி, தோட்டத்துக்குப் போய் ஜெறோமோடு ரெலிபோனில் கதைத்தாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். நீளமாகக் கதைத்தாள். உள்ளே வந்து, "கீழ்ப் பலகையை எப்ப வைக்கிறியள்?" என்று கேட்டாள்.

அன்றைக்கே தொடங்கினேன். அடியில் ஒரு மரச்சட்டம், அதற்கு மேல் ஈரம் குடிக்காத பலகை, பிறகு பூச்சு, பெயின்ற். ஒட்டின இடத்தை எவனாவது கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம். இலை உதிரத் தொடங்கினபோது அவர்கள் மேல்மாடிக்கு வந்தார்கள்.

இந்தக் குளிர்காலம் மாயா இருமவில்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து தடிமன் வந்தது, போனது. இழுப்பு வரவில்லை. மூச்சு மருந்து அலுமாரியில் இருக்கிறது, எடுக்க வேண்டி வரவில்லை. தமிழ் இன்னும் அரைகுறைதான், என்னை 'அம்மப்பா' என்று கூப்பிட்டுவிட்டு மிச்சத்தை ஜேர்மனில் சொல்வாள். அதை இன்னொரு சுவர் என்று வைத்துக்கொள்வோம், அறுத்துப் பார்க்கலாம்.

போன கிழமை, வருசம் நிறைந்த அன்று காலை, கீழே அறைக்கு வந்தேன். தர்சினி வேலைக்கு உடுத்தியபடி சுவரடியில் குந்தி மூக்கை வைத்து மணந்துகொண்டிருந்தாள். புவனேசு சமையலறையில் பொங்கலுக்கு அரிசி கழுவிக்கொண்டு நின்றாள்.

"என்ன மணக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் மணக்கேல்லை அப்பா."

"மணக்காது. ஆர் செய்த வேலை?"

அவள் எழும்பிப் பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

"ஆர் தண்ணி ஊத்தினது?"

சமையலறையில் அரிசி கழுவுகிற சத்தம் நின்றது.

"இரண்டும் நான்தான்," என்றேன்.

புவனேசு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லுங்கோ. பாரிசுக்கும் கேக்கட்டும்."